மூன்று எண்ணும் வரை

பிப்ரவரி 12, திங்கள்

உறுதியானது: லில்லிபுஷ்பம், வயது 64, ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர், ஜனவரி 9 அன்று கயத்தாற்றில் தம் வீட்டில் காலமானார். ஆதாரம்: பேரூராட்சி அலுவலகத்தில் இன்று பகல் 12.10க்கு வாங்கிய இறப்புச் சான்றிதழ்.

சான்றிதழில் தேதி மட்டுமே இருக்கிறது. நேரம் டாக்டர் எழுதித் தந்த சீட்டில் இருக்கிறது: காலை 5.30. டாக்டருக்கு அந்த நேரத்தைச் சொன்னது நான், அவள் கணவன். ஆக ஆதாரம் ஒன்றுதான். முப்பத்தெட்டு வருடம் மாவட்டச் செய்தியாளராக இருந்தவன். ஒரே ஆதாரத்தை நம்பிச் சாவுச் செய்தி எழுதியதில்லை.

ஐந்து பிரதி வாங்கினேன். வங்கி, பென்ஷன் அலுவலகம், கேஸ் ஏஜென்சி. மீதி இரண்டு எதற்கென்று தெரியவில்லை. திரும்பும்போது கத்தரிக்காய், அரை லிட்டர் பால். ஒரு லிட்டர் வாங்கும் பழக்கம் இன்றுதான் விட்டது.

இரவு 8.30. மொட்டைமாடி. ஆர் லியோனிஸ் 6.2. அனுப்பியாயிற்று.

பிப்ரவரி 13, செவ்வாய்

மேலே உள்ள எண் என்னவென்று எழுதிவைப்பது நல்லது.

சிம்ம ராசியில், மகம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், ஆர் லியோனிஸ் என்று ஒரு சிவப்பு நட்சத்திரம் உண்டு. ஏறக்குறையப் பத்து மாதத்துக்கு ஒருமுறை அது வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்கு ஒளிரும். பிறகு தொலைநோக்கியில் தேடவேண்டிய அளவுக்கு மங்கும். லில்லி 1991 முதல் அதன் ஒளியைக் கண்ணால் மதிப்பிட்டு நோட்டில் எழுதிவந்தாள். முறை எளிது. பக்கத்தில் ஒளி மாறாத நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் ஒளி அளவு படத்தில் அச்சாகியிருக்கும். ஒன்று 5.8, மற்றது 6.4 என்றால், நம்முடையது இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டும். எண் கூடினால் ஒளி குறைவு.

வாரத்துக்கு ஒரு மதிப்பீடு. எக்ஸ்சேஞ்சில் அவளுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஓய்வு பெற்ற பிறகும் கிழமையை மாற்றவில்லை. எண்ணை வெளிநாட்டுச் சங்கம் ஒன்றின் இணையதளத்தில் பதிவாள். அங்கே அவளுக்குப் பெயர் இல்லை, மூன்று எழுத்துதான்: எல்பிகே. இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, வருடச் சந்தா உண்டு.

நவம்பரில் அவளால் படியேற முடியாமல் போயிற்று. கணையத்தில் கட்டி. அப்போது சிம்மம் விடிவதற்கு முன்புதான் உயரத்தில் நிற்கும். செவ்வாய் அதிகாலை நான் மேலே போய்ப் பார்த்துவந்து சொல்வேன். அவள் படுத்தபடியே எண்ணைச் சொல்வாள். எழுதுவது நான். எட்டுச் செவ்வாயில் இரண்டு மழையில் போயின. ஆறு பதிவு.

ஜனவரி 10, அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு இணையதளத்தைத் திறந்தேன். எல்பிகே, கடைசிப் பதிவு ஜனவரி 2 என்று இருந்தது. அன்றிரவு வானம் தெளிவாக இருந்தது. அன்று முதல் மேகமில்லாத இரவு எதிலும் பதிவு விட்டுப்போகவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

செவ்வாயும் வெள்ளியும் அதிகாலை நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். பக்கத்து வீட்டு ராமலட்சுமி எனக்கும் இரண்டு குடம் பிடித்து வாசலில் வைத்துவிடுகிறாள். தையல்காரி. எங்கள் மொட்டைமாடியைப் பார்த்த ஜன்னலில்தான் அவளுடைய மெஷினும் பல்பும். லில்லி மேலே போகும்போதெல்லாம் அந்த பல்பை அணைப்பது இருபது வருடப் பழக்கம். இப்போது நான் படியேறும் சத்தம் கேட்டாலும் அணைத்துவிடுகிறாள்.

இன்று கேட்டாள்: “அண்ணாச்சி, மதினி வாரத்துல ஒரு நாளுதான் போவாக. பத்து நிமிசத்துல எறங்கிருவாக. நீங்க தெனமும் போறீங்க, முக்கா மணி நேரம் ஆகுது. அப்படி என்னதான் பாக்கீங்க? எனக்கு ஒரு ஜாக்கெட்டு நின்னு போகுது.”

இனி பல்பை அணைக்க வேண்டாம், ஒரு ஓரமாகத் திரையைத் தொங்கவிட்டால் போதும் என்றேன். அதெல்லாம் சரிப்படாது, மதினிக்குத் திரை பிடிக்காது என்று சொல்லிவிட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அன்னைக்குக் காலைல நான் தண்ணி பிடிச்சிக்கிட்டு இருக்கையில” என்று ஆரம்பித்தாள்.

அடுப்பில் பால் இருந்தது. உள்ளே வந்துவிட்டேன்.

6.3.

மார்ச் 4, திங்கள்

கோவில்பட்டியிலிருந்து என் இடத்துக்கு வந்த நிருபர் செல்வின் போன் செய்தான். அம்மாவைப் பற்றி நாலு வரி கொடுங்கள், படத்தோடு போடலாம் என்கிறான். மூன்றாவது முறை கேட்கிறான். சில தகவல்கள் சரிபார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

6.5.

மார்ச் 12, செவ்வாய்

பரண் சுத்தம். அவள் நோட்டு, இப்போது எழுதுவதையும் சேர்த்துப் பதினொன்று. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில் சில விதிகள். ‘பார்த்ததை எழுது, எதிர்பார்த்ததை எழுதாதே.’ ‘சென்ற வார எண்ணைப் பார்த்துவிட்டு மேலே போகாதே.’ ‘மூன்று எண்ணுவதற்குள் கண்ணை எடு.’ கடைசி விதி கண்வலிக்காக இருக்கும்.

அவளுக்கும் எனக்கும் கல்யாணமான புதிதில் ஒரு சண்டை. நான் எழுதிய பஸ் விபத்துச் செய்தியைப் படித்துவிட்டு, நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று கேட்டாள். இல்லை, இரண்டு பேரிடம் விசாரித்தேன் என்றேன். “நீங்க கேட்டதை எழுதுறீங்க. நான் பாத்ததை எழுதுறேன்” என்றாள். அப்போது கோபம் வந்தது.

மார்ச் 29, வெள்ளி

பெரிய வெள்ளி. சர்ச்சில் மும்மணி ஆராதனை. கல்லறைக்குப் போகவில்லை. 6.9.

ஏப்ரல் 9, செவ்வாய்

அவள் மெயிலுக்கு ஷமீமா எழுதியிருக்கிறார்.

டாக்டர் ஷமீமா பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் வானியலாளர். சொந்த ஊர் மேலப்பாளையம். ஆறு வருடமாக லில்லியோடு மெயில் தொடர்பு. பார்த்ததில்லை, போனில் பேசியதும் இல்லை. முப்பது வருடம் காதில் மாட்டிக்கொண்டு இருந்தது போதும் என்று லில்லி போனைத் தொடமாட்டாள். ஆர் லியோனிஸின் காலச்சுற்று மெல்ல மாறுகிறதா என்பது ஷமீமாவின் ஆய்வு. அதற்கு ஒரே கண் முப்பது வருடம் பார்த்த கணக்கு வேண்டும். கருவி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறிவிடும், இடமும் மாறும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சாய்வு உண்டாம். லில்லியின் கண் கருவியைவிட எப்போதும் 0.1, அதாவது பத்தில் ஒரு பங்கு, மங்கலாகச் சொல்லும். முப்பத்து மூன்று வருடமும் அதே பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் அவள் எண் நம்பகமானது.

முதல் மெயில் வந்த நாளில் லில்லி சிரித்தது நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வருடத்தில் நாலு இரவுதான் பெரிய தொலைநோக்கி கிடைக்குமாம், அதையும் பெங்களூரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில்தான் பார்ப்பாளாம். “பாவம், வேலையாப் போச்சு அவளுக்கு” என்றாள்.

இன்றைய மெயிலின் சாரம்: ஜனவரி 10 முதல் எல்பிகே தினமும் பதிகிறது, வாரம் ஒன்று அல்ல. எண்கள் வழக்கத்தைவிடப் பத்தில் மூன்று பங்கு பிரகாசமாக வருகின்றன. மேடம் நலமா? கண்ணில் ஏதும் சிகிச்சை நடந்ததா?

ஏப்ரல் 10, புதன்

ஜனவரியில் வலது கண்ணில் புரை நீக்கப்பட்டது, இப்போது நலம், என்று பதில் போயிற்று.

மாடியில் காயவைத்த மிளகாய் வற்றலை எடுக்க மறந்துவிட்டேன். காற்றில் பாதி ராமலட்சுமி வீட்டு முற்றத்தில்.

ஏப்ரல் 11, வியாழன்

நன்றி தெரிவித்து ஷமீமா ஒரு வரி. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

மே 6, திங்கள்

கட்டுரையின் வரைவு வந்திருக்கிறது, இருபத்தாறு பக்கம். ஷமீமாவின் பெயருக்கு அடுத்து இரண்டாம் ஆசிரியராக ‘லில்லிபுஷ்பம், கயத்தாறு, தமிழ்நாடு’. நிறுவனம் என்ற இடத்தில் மற்றவர்களுக்கெல்லாம் பல்கலைக்கழகப் பெயர். அவளுக்கு மட்டும் ஊரின் பெயர்.

மூன்று முறை படித்தேன். பதினான்காம் பக்கத்தில், ஜனவரியில் புரை சிகிச்சை நடந்ததால் அதன் பின்னுள்ள எல்பிகே எண்களுக்கு ஒரு திருத்தம் செய்யப்பட்டது என்று ஒரு வாக்கியம். அச்சுக்குப் போகப்போகும் வாக்கியம். அதன் ஆதாரம் ஏப்ரல் 10 மெயில்.

அட்டவணையில் 1998-ல் ஒரு தேதி தவறு. அவள் நோட்டைப் பார்த்துத் திருத்தம் போயிற்று.

மே 17, வெள்ளி

பத்திரிகை ஆசிரியர் குழுவிடமிருந்து அவள் மெயிலுக்கு ஒரு இணைப்பு. ‘இந்த ஆய்வில் என் பங்கு உண்மையானது, இறுதி வடிவத்துக்கு என் சம்மதம் உண்டு’ என்ற வாசகத்தின் கீழ் ஒரு கட்டம். ஒவ்வொரு ஆசிரியரும் தாமே அழுத்த வேண்டும். கெடு ஜூன் 30.

அம்புக்குறியைக் கட்டத்தின் மேல் வைத்துவிட்டு எடுத்தேன். அழுத்தவில்லை.

நட்சத்திரம் இப்போது 7-ஐ நன்றாகத் தாண்டிவிட்டது. இதுவரை பார்த்துவந்த பைனாகுலர் போதவில்லை. மாடிப்படிக்கு அடியிலிருந்து அவளுடைய ஆறு அங்குலத் தொலைநோக்கியை மேலே கொண்டுபோனேன். பிவிசி குழாயில் அவளே செய்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஜூன் 8, சனி

ஷமீமா எழுதியிருக்கிறார். பக்ரீத்துக்கு ஊருக்கு வருகிறார். மேலப்பாளையத்திலிருந்து கயத்தாறு முக்கால் மணி நேரம்தான். செவ்வாய்க்கிழமை 18-ம் தேதி வரலாமா? அன்று நிலவு இருக்கும், ஆனாலும் மேடத்தோடு ஒருமுறை அந்த நட்சத்திரத்தைப் பார்க்க ஆசை. நான் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை, என்று எழுதியிருக்கிறார்.

ஜூன் 10, திங்கள்

வரலாம் என்று பதில் போயிற்று. அனுப்பியது நான்.

ஜூன் 12, புதன்

மூன்று முறை கடிதம் எழுதினேன். மூன்றும் ‘தெரிவிக்க வேண்டிய நிலையில்’ என்று ஆரம்பித்தன. அனுப்பவில்லை.

ஜூன் 15, சனி

கடிதத்தை விட்டுவிட்டு, தவறான செய்திக்குத் திருத்தம் எழுதும் வழக்கத்தில் எழுதினேன். ஒரு பக்கம்.

1991 மார்ச் முதல் சென்ற ஆண்டு நவம்பர் 7 வரை: பார்த்தது லில்லிபுஷ்பம். 1,172 பதிவு.
நவம்பர் 14 முதல் ஜனவரி 2 வரை: பார்த்தது கணவர் பொன்ராஜ். எண் சொன்னது லில்லிபுஷ்பம். 6 பதிவு.
ஜனவரி 10 முதல்: பார்த்ததும் எண் போட்டதும் பொன்ராஜ். 111 பதிவு. இவை லில்லிபுஷ்பத்தின் பெயரில் அனுப்பப்பட்டது தவறு. புரை சிகிச்சை நடக்கவில்லை.

நடுவில் உள்ள ஆறுதான் சங்கடம். ஆறையும் நீக்கிவிட்டால் அவள் நவம்பர் 7-லேயே முடிந்துபோகிறாள். இரண்டு மாதம் படுக்கையில் கிடந்து சொன்னதெல்லாம் இல்லையென்று ஆகும். நீக்காவிட்டால், என் கண்ணில் பட்டதை அவள் பார்த்ததாகச் சொல்வது ஆகும்.

ஜூன் 19, புதன்

நேற்று நடந்தது. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மாலை 4.15க்கு ஷமீமா வந்தார். அவருடைய வாப்பா காரில் இறக்கிவிட்டு, கோவில்பட்டியில் ஒரு உறவினரைப் பார்க்கப் போய்விட்டார். ஷமீமாவுக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கண்ணாடி, ஒல்லியான உருவம். ஒரு கையில் பக்ரீத் பிரியாணி வைத்த தூக்கு, மறு கையில் நீளமாகச் சுருட்டிய காகிதம். செருப்பைக் கழற்றிக்கொண்டே, “மேடம் உள்ள இருக்காங்களா சார்?” என்றார்.

“ஜனவரி ஒன்பது” என்றேன். அதற்குமேல் சொல்ல ஒரு வினைச்சொல்லும் வரவில்லை.

கூடத்தில் படம் இருக்கிறது, மாலையோடு. அவர் அதைப் பார்த்தார். தூக்கைக் கீழே வைக்க இடம் தேடினார். நான் வாங்கிக்கொண்டேன்.

தண்ணீர் குடித்த பிறகு கேட்டார்: “அப்ப ஏப்ரல்ல எனக்குப் பதில் எழுதினது?”

“நான்.”

“தொண்ணூத்தெட்டாம் வருஷத் தப்பைக் கண்டுபிடிச்சது?”

“அது அவள் நோட்டில் இருந்தது. பார்த்து எழுதினது நான்.”

ஜன்னல் பக்கம் திரும்பினார். காற்றாலைகள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனி மாதக் காற்று.

“புரை ஆபரேஷன் பொய்னு எனக்கு அப்பவே தெரியும் சார்” என்றார். “புரையை எடுத்தா நீல வெளிச்சம் கண்ணுக்குள்ள கூடுதலா வரும். பக்கத்துல இருக்குற வெள்ளை நட்சத்திரமெல்லாம் பளிச்சுன்னு ஆகும். அப்ப சிவப்பு மங்கலாத்தான் தெரியணும். உங்க எண் எதிர்ப்பக்கம் போச்சு. மேடத்துக்குக் கண்ணு போகுது, சொல்லச் சங்கடப்படுறாங்கன்னு நினைச்சேன். நேர்ல பாத்து, பரவாயில்ல மேடம், முப்பத்து மூணு வருஷமே போதும்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

பொய்யென்று தெரிந்தும் கட்டுரையில் ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். செய்தியாளன் புத்தி. அவர் தவறு என்று ஒப்புக்கொண்டார். இங்கிருந்து போன பிறகு அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்று இருந்தாராம். அவரும் ஒரே ஆதாரத்தை வைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

திருத்தப் பக்கத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பிறகு கொண்டுவந்த காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். நாலு மூலைக்கும் டம்ளர் வைத்தோம். லில்லிக்குப் பரிசாகக் கொண்டுவந்தது. அவளுடைய முப்பத்து மூன்று வருடப் பதிவும் புள்ளி புள்ளியாக, ஏறி இறங்கும் ஒரே கோடாக. கருவி சொன்ன அளவு சாம்பல் நிறத்தில், அவள் சொன்னது சிவப்பில், ஒரு நூலளவு கீழே. கடைசி ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு சாம்பலுக்கு மேலே ஏறி நின்றன. அவை என்னுடையவை.

நடுவில் உள்ள ஆறையும் பென்சிலால் வட்டமிட்டார். ஆறும் லில்லியின் கோட்டில் இருந்தன. நூலளவு கீழே, அவள் இடத்தில்.

“இது எப்படி சார்? அப்பவும் இப்பவும் உங்க கண்ணுதான். இந்த நூத்திப் பதினொண்ணு மேல ஏறியிருக்கு, ஆறு மட்டும் ஏறல.”

எனக்குத் தெரியவில்லை. அவள் பழக்கத்தில் உத்தேசமாகச் சொல்லியிருப்பாள் என்றேன். உத்தேசம் என்றால் இவ்வளவு ஒழுங்காக விழாது என்றார். அந்த இரண்டு மாதத்தில் நட்சத்திரம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியிருக்கிறது. அந்த வேகம் ஆறிலும் இருக்கிறது.

7.40க்கு மேலே போனோம். ராமலட்சுமியின் பல்பு அணைந்தது. நிலவு கிழக்கே. காற்றில் தொலைநோக்கிக் குழாய் ஆடாமல் இருக்க நான் பிடித்துக்கொண்டேன். எந்தப் பக்கம் என்று ஷமீமா கேட்டார். மேற்கே மகத்தைக் காட்டினேன். “எண்ணைக் குடுத்தா கம்ப்யூட்டர் திருப்பிக்கும் சார். வானத்துல எங்கன்னு கேட்டா எனக்குத் தெரியாது” என்றார். ஜன்னலிலிருந்து ராமலட்சுமி, “இவுகதான் அந்தப் பெங்களூர் டாக்டரா? நட்சத்திரத்துக்குப் படிச்சவுகளுக்கே காட்டித்தான் குடுக்கணுமாக்கும்” என்றாள். ஷமீமா சிரித்துவிட்டார். நேற்று இந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு.

வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார். இந்த நட்சத்திரத்தைப் பற்றி நாலு கட்டுரை எழுதியவர்.

“இவ்வளவு சிவப்பா இருக்கும்னு தெரியாது” என்றார்.

பிறகு என்னை வழக்கம்போல் பார்த்து எண் சொல்லச் சொன்னார். பார்த்தேன். 8.7 என்றேன்.

“ஆறு நிமிஷம் சார். கண்ணையே எடுக்கல நீங்க.”

“இன்னைக்குச் சீக்கிரமா முடிஞ்சுபோச்சு” என்று ஜன்னல் சொன்னது.

“இப்ப மறுபடி பாருங்க. மூணு எண்ணுங்க, எடுத்துருங்க. பக்கத்து நட்சத்திரத்துக்கு மூணு, திரும்ப இதுக்கு மூணு.”

அப்படிப் பார்த்தேன். 9.0.

விளக்கினார். இருட்டில் சிவப்பு வெளிச்சத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணில் அது சேர்ந்துகொண்டே போகும், ஏறி ஏறிப் பிரகாசமாகத் தெரியும். வெள்ளை நட்சத்திரம் அப்படி ஏறாது. சிவப்பு நட்சத்திரம் பார்ப்பவர்கள் முதலில் பழகுவது உற்றுப் பார்க்காமல் இருக்கத்தான். மூன்று எண்ணுவதற்குள் கண்ணை எடு. கண்வலிக்காக எழுதிய விதி அல்ல அது.

கீழே வந்து மேசை முன்னால் உட்கார்ந்தபோது அவரே கேட்டார்: “நீங்க பாத்துட்டு வந்து சொன்னதும் மேடம் ஏதாவது கேப்பாங்களா?”

கேட்பாள். ஒவ்வொரு செவ்வாயும் ஒரே கேள்வி. உதாரணத்துக்கு, 5.8-க்குச் சமமாக இருக்கிறது என்று நான் சொல்வேன். “நீங்க மேல போயி எவ்வளவு நேரமாச்சு?” என்பாள். அரை மணி, முப்பத்தைந்து நிமிடம், நாற்பது என்று உண்மையைச் சொல்வேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, 6.1 என்று எழுதச் சொல்வாள்.

தன்னைத் தனியாக விட்டுவிட்டு அவ்வளவு நேரம் மேலே நிற்கிறேன் என்று குறை சொல்கிறாள் என்றே நினைத்திருந்தேன். பதில் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வேன். இறங்கி வந்தால் அந்த அறை. அந்த மருந்து வாடை. மேலே குளிராக இருக்கும், நிம்மதியாக இருக்கும்.

“உங்க கண்ணைக் கழிச்சுருக்காங்க சார்” என்றார் ஷமீமா. “எவ்வளவு நேரம் உத்துப் பாத்தீங்களோ, அதுக்குத் தக்க வெளிச்சத்தைக் குறைச்சுப் போட்டிருக்காங்க. ஆறு தடவையும். கருவி வச்சுத் திருத்தினாலும் நான் இவ்வளவு சரியாப் பண்ணியிருக்க மாட்டேன்.”

கணக்குக்காகக் கேட்டாளா, குறையாகக் கேட்டாளா, இரண்டுமா என்பதற்கு இப்போது ஆதாரம் இல்லை.

ஷமீமா பதினொன்றாம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஜனவரி 2-க்கும் ஜனவரி 10-க்கும் நடுவில் ஒரு வரியில் நின்றார். ஜனவரி 9, செவ்வாய், மேலே போனது காலை 4.40, பார்த்தது 4.52. ‘5.8-ஐ விடச் சற்று மங்கல்.’ எண் எழுதும் கட்டம் காலி.

“இதை மட்டும் ஏன் சார் அனுப்பல?”

“எண் சொல்ல ஆள் இல்லை.”

அவர் தேதியை மறுபடி பார்த்தார். பிறகு, எவ்வளவு நேரம் மேலே இருந்தேன் என்று சொன்னால் மேடம் கழித்த விதத்திலேயே தம்மால் கணக்கிட்டு எண்ணைப் போட முடியும், போடட்டுமா என்று மெல்லக் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். வேண்டாம் என்றேன்.

கேட்கப்பட்ட கேள்வி என்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன். மேலே போனது 4.40. அது நோட்டில் இருக்கிறது. இறங்கியது 5.30. அது சமையலறைக் கடிகாரம். ஐம்பது நிமிடம்.

வாப்பாவின் கார் 9.15க்கு வந்தது. வாசலில் ஷமீமா, இனித் தாம் யாருக்கு எழுதுவது என்று கேட்டார். என்னைக் கேட்டதா என்று தெரியவில்லை. பிரியாணியில் பாதியை ராமலட்சுமிக்குக் கொடுத்தேன்.

ஜூன் 21, வெள்ளி

சங்கத்துக்குத் திருத்தம் அனுப்பினேன். என் பெயரில், என் மெயிலிலிருந்து. 111 பதிவையும் நீக்கக் கேட்டிருக்கிறேன்.

மாடிக்குப் போகவில்லை. ராமலட்சுமி பல்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள் போலிருக்கிறது. எட்டரைக்குத்தான் மெஷின் சத்தம் கேட்டது.

ஜூன் 24, திங்கள்

செல்வினுக்கு நாலு வரி அனுப்பினேன். பெயர், வயது, வேலை, தேதி. ‘1,172 முறை ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தவர்’ என்று ஒரு வரி. நேரம் போடவில்லை. நேரம் இல்லாமல் எப்படி அண்ணாச்சி என்று கேட்டான். சரிபார்த்துச் சொல்கிறேன் என்றேன். காலமாகி ஐந்தரை மாதம் கழித்து நேரம் யாருக்கும் தேவையில்லை என்று அவனே போட்டுக்கொண்டான்.

ஜூலை 5, வெள்ளி

சங்கத்திலிருந்து உறுதி வந்தது. 111 பதிவு நீக்கப்பட்டது. எல்பிகே, கடைசிப் பதிவு ஜனவரி 2. அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘காலமானார்’ என்பதற்கு அவர்களுடைய குறி. எல்பிகே போல எனக்கும் மூன்று எழுத்து வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். பதில் எழுதவில்லை.

ஷமீமா கட்டுரையைத் திரும்ப வாங்கி, பதினான்காம் பக்கத்தை மாற்றியிருக்கிறார். ஆசிரியர் பட்டியலில் லில்லியின் பெயர் இருக்கும், இறந்தவர்களுக்கு இடும் குறியோடு. அதற்குச் சம்மதம் என்று கணவனாக நான் தனிக் கடிதம் கொடுத்தேன். ஆறு பதிவையும் அவள் கண்ணாக ஏற்கலாமா என்பதைக் கட்டுரையை மதிப்பிடும் நடுவர்கள் சொல்ல வேண்டும். பதில் செப்டம்பர் 15-க்குள்.

நட்சத்திரம் மாலை வெளிச்சத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் பத்து நாளில் தெரியாது. சூரியனுக்கு அந்தப் பக்கம் போய், செப்டம்பர் கடைசி வாரம் விடிவதற்கு முன் கிழக்கில் திரும்ப வரும். ஐந்து மணிவாக்கில் பார்க்கலாம். பார்த்தால் மூன்று எண்ணிவிட்டு இறங்கிவிடுவேன்.

ஜனவரி 9-ம் தேதிக் கட்டம் காலியாகவே இருக்கும். எதிர்பார்த்ததை எழுதாதே என்பது அவள் விதி.

நேரம் மட்டும் நிலுவை. அன்று செவ்வாய், தண்ணீர் வரும் நாள். நாலரையிலிருந்து ராமலட்சுமி எங்கள் ஜன்னலுக்கு வெளியே குழாயடியில் இருந்தாள். இரண்டாவது ஆதாரம் இத்தனை நாளும் பக்கத்து வீட்டில்தான் இருந்தது. பிப்ரவரியில் ஒருமுறை தானாகவே சொல்ல வந்தாள். அடுப்பில் பால் இருந்ததாக அன்று எழுதியது தவறு; பால் எதுவும் இல்லை.

மகள் வீட்டுக்குச் சிவகாசி போயிருக்கிறாள். திங்கள் காலை பஸ்ஸில் வருகிறாள். உள்ளே இருந்து கூப்பிடும் சத்தம் கேட்டதா, கேட்டிருந்தால் அப்போது மணி என்ன என்று அவளிடம் கேட்க வேண்டும்.